பசை சாரும் பர்மாப் பேரேடும்

தை கடைசி வாரத்தில் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் "பசை சார் போய்ட்டார்" என்று ஒரே வரி போட்டார். விடிவதற்குள் அறுபது பேர் பதில் எழுதியிருந்தீர்கள். அத்தனையையும் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அவர் சார்தான். வீட்டு வாசல்படியைத் தாண்டிவிட்டால் ஐயா, என் அப்பாவின் அப்பா. 1928இல் மேலூர்ப் பக்கம் பிறந்தவருக்கு 98 நடந்துகொண்டிருந்தது. பள்ளி மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது, அவர் கற்றுக்கொடுத்த புத்தக பைண்டிங் கைவேலையை எழுதினால்தான் அவரை எழுதியதாகும் என்று பட்டது.

அவர் வகுப்பு நடந்த கிழக்குக் கொட்டகையின் வாசனையிலிருந்தே தொடங்குகிறேன். மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்ட பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரளும். அந்த உருண்டை அட்டைக்கும் துணிக்கும் நடுவில் மாட்டி, காய்ந்த பிறகு கட்டியாகத் துருத்தும். இளந்தீயில் மரக்குச்சியால் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் ஆகும். அப்போது இறக்கி, ஒரு சிட்டிகை மயில்துத்தம். அது இல்லாவிட்டால் கரப்பானும் பூச்சியும் ஒரே மழைக்காலத்தில் பசையோடு சேர்த்துத் துணியையும் தின்றுவிடும். இரும்புச் சட்டியை அவர் கிட்டேயே சேர்க்க மாட்டார். மயில்துத்தத்தில் இருக்கிற செம்பு இரும்பின்மேல் படிந்துவிடும், பசைக்கு மிச்சமிருக்காது, ஆகவே மண்சட்டிதான். வேலை முடிந்ததும் கையை இரண்டு தடவை கழுவிக் காட்டாமல் யாரும் சாப்பாட்டுத் தூக்கைத் தொட முடியாது. அது விஷம்.

சூடான பசை தாளை நெளிய வைக்கும். அதனால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சார் பேசுவார். அவர் வாழ்க்கை நமக்குக் கிடைத்ததெல்லாம் பசை ஆறுகிற நேரங்களில், துண்டு துண்டாக.

அவருடைய அப்பா பர்மாவில் புரோம் பக்கம் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். மகன் பத்து வயதில் அங்கே போனவர். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு கப்பலில் இடம் கிடைத்தது காசு உள்ளவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு கூட்டம் வடக்கே மணிப்பூர் வழியாக. ஒரு கூட்டம் புரோமிலிருந்து ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலை ஏறி, தவுங்குப் கடற்கரைக்கு. நூறு மைலுக்கு மேல். இவர்கள் பிப்ரவரியில் அந்த இரண்டாவது வழியில் கிளம்பினார்கள்: அப்பா, சித்தப்பா, 14 வயதுப் பையன். பொரியரிசி, உப்பு, வெல்லம், ஒரு ஈயச் செம்பு, கடன் பேரேடு. நகை இருந்தால் வழியில் பறித்துவிடுவார்கள், பேரேட்டை எவனும் சீண்ட மாட்டான் என்று அவர் அப்பா சொன்னாராம்.

கோடைக்கு முந்தைய மாதம். மலைமேல் ஓடைகள் வற்றிக் குட்டைகளாக நின்றன. முன்னால் போனவர்கள் அதே குட்டையில்தான் குடித்தார்கள், கழுவினார்கள், அதன் கரையிலேயே விழுந்தும் கிடந்தார்கள். காலரா அப்படித்தான் பரவியது. தண்ணீரைக் கொதிக்கவிடாமல் குடிக்கக் கூடாது என்பதில் அவர் அப்பா பிடிவாதமாக இருந்தார். சித்தப்பா ஒரே ஒரு மத்தியானம் பொறுக்க மாட்டாமல் குனிந்து குடித்துவிட்டார். மறுநாள் விடியும்போது இல்லை. இதைச் சொல்லும்போது சார் குரலை மாற்றியதே கிடையாது. சொல்லிவிட்டு, "பசை ஆறிருச்சா பாரு" என்பார்.

தவுங்குப்பிலிருந்து அக்யாபுக்குப் படகில் போனபோது அலை அடித்துப் பேரேடு நனைந்தது. நாக்கில் தொட்டு எழுதும் ஊதாப் பென்சிலில் போட்ட கணக்கெல்லாம் சாயமாகக் கரைந்து பக்கத்தையே ஊதாவாக்கியது. கடுக்காய் மையில் எழுதிய வரிகள் அப்படியே நின்றன. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்த கறுப்பு தாளின் இழைக்குள் இறங்கிவிடும், தண்ணீர் அதை எடுக்காது. ஆனால் அன்னபேதி கூடிப்போனால் அதே மை வருஷப்போக்கில் தாளை அரித்துவிடும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுவார்.

சிட்டகாங்கில் அகதிகளோடு தங்கியிருந்தபோது ஒரு வயதான தஃப்தரியைப் பார்த்திருக்கிறார். அங்கே பைண்டிங் வேலை செய்பவருக்கு அந்தப் பெயர். பையன் ஈரப் பேரேட்டை வெயிலில் விரித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பெரியவர் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போனாராம். கடல் தண்ணீரில் நனைந்த தாள், உப்பு இருக்கும்வரை காயாது. காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, நிழலில் உலர்த்தி, அப்புறம் மடித்துத் தைக்கக் காட்டிக்கொடுத்தார். பாஷை தெரியாது, கையைப் பார்த்துக் கற்றதுதான். மொத்தம் 14 பாரம், அதாவது சேர்த்து மடித்த தாள் கட்டு. ஒன்பதாவதைப் பையன் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டான்.

ஊர் திரும்பிய பிறகு படிப்பு இல்லை. மதுரைப் புதுமண்டபத்துப் பக்கம் ஒரு பைண்டிங் பட்டறையில் சேர்ந்தார். கல்யாணம், குழந்தைகள், பிறகு போட் மெயில் ரயில் ஏறி தனுஷ்கோடி வழியாகக் கொழும்பில் ஓர் அச்சகத்துக்கு. 1958 கலவரத்தில் மறுபடியும் வெறுங்கையோடு வந்தார். அவர் போய்வந்த அந்தத் தண்டவாளம் 1964 டிசம்பர் புயலில் கடலோடு போனது. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1961இல், நம் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியராகிவிட்டார். 1986இல் ஓய்வு பெறும்வரை வேறெங்கும் போகவில்லை.

சோதனை நாள் யாருக்கும் மறந்திருக்காது. நாம் தைத்த நோட்டை நடுவிலிருந்து ஒரே ஒரு தாளைப் பிடித்துத் தூக்கி உதறுவார். தாள் கழன்று வந்தால் எல்லோர் முன்பாகவும் பிளேடால் நூலை நீளமாக அறுத்து, உதிரித் தாளாகக் கையில் கொடுப்பார். திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். அந்த உதிரித் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பி நடப்பது அடியைவிட வலித்தது. அவர் பேரன் என்பதற்காக எனக்கு ஒரு நோட்டும் தப்பவில்லை.

தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: நூலை நம்மைப் பார்த்து இழுப்போம். அப்படி இழுத்தால் மடிப்பு ஓட்டை கிழிந்து நீளும், தையல் தொளதொளக்கும். "டேய், உன் பக்கம் இழுக்காதடா. முதுகு ஓடுற திசையில இழு" என்று பின்னால் வந்து நின்று, நம் கைமேல் தன் கையை வைத்து இழுத்துக் காட்டுவார். நூல் தேன்மெழுகில் இரண்டு முறை ஓடியிருக்க வேண்டும். ஒரு பாரம் முடிந்து அடுத்ததற்கு ஏறும்போது, கீழே இருக்கும் தையலுக்குள் ஊசியைக் கோத்து முடிந்துவிட்டு ஏற வேண்டும். அந்த முடிச்சை விட்டவர்களுடைய நோட்டு ஓரத்தில் விசிறிபோல் பிரியும்.

அட்டை விஷயத்தில் அவர் சொன்னது இன்றைக்கும் பல கடைகளில் தெரியாத சங்கதி. இயந்திரத்தில் செய்த எந்தத் தாளுக்கும் ஓட்டம், அதாவது இழை ஓடும் திசை, உண்டு. இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இணங்கும், ஒரு பக்கம் முரண்டும். இணங்கி வளைகிற ஓட்டம் புத்தகத்தின் முதுகோடு இணையாக, மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பசை காயும்போது பக்கங்கள் அலை அலையாக நெளியும், அட்டை ஓட்டு வளைவாக வளையும். எந்தக் கல்லை ஏற்றினாலும் நிமிராது. அட்டை மூன்று பக்கமும் தாளைவிட 3 மில்லிமீட்டர் நீட்டி இருக்கட்டும். அட்டைக்கும் முதுகுக்கும் நடுவே 6 அல்லது 7 மில்லிமீட்டர் பள்ளம் விடாவிட்டால் திறக்கும்போதெல்லாம் உள்தாள் கிழியும். ராத்திரி முழுக்கப் பலகைக்கு நடுவில், மேலே கருங்கல். ஐப்பசியில் இரண்டு ராத்திரி. அவசரப்பட்டு வெயிலில் வைத்தவன் மறுநாள் வளைந்த அட்டையோடு வருவான்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டுத் திண்ணையே கொட்டகையாயிற்று. சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும், தெருப் பிள்ளைகள் பழைய பாடப்புத்தகங்களோடு வரிசையில் நிற்பார்கள். துருப்பிடித்த பின்னைப் பிடுங்குவதுதான் முதல் வேலை. துரு தாளை அறுக்கும். காசு வாங்கியதில்லை. நான்கு பிள்ளைகள், பதினோரு பேரப்பிள்ளைகள், எங்கள் எல்லோருடைய சான்றிதழ்களையும் பத்திரங்களையும் காலிகோ உறையில் தைத்து, முதுகில் பெயர் எழுதி அடுக்கியிருக்கிறார். வெளிநாடு போன பேரப்பிள்ளைகளின் உறைகள் மேல் தட்டில், தூசி தட்டியபடி.

போனில் பேசும்போதெல்லாம் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "புத்தகமெல்லாம் நல்லாருக்கா?" நல்லாருக்குய்யா என்றே இருபத்தெட்டு வருஷமும் சொன்னேன். என்னோடு வந்த புத்தகங்களில் முதுகு விட்டுப்போனவை ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியிருந்தால், எப்படித் தைப்பது என்று போனிலேயே சொல்லிக்கொண்டிருந்திருப்பார். கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

பேரேடு இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. வரவேண்டிய கடனில் ஒரு ரூபாயும் வரவில்லை. 1961, 1986, 2009 என்று மூன்று முறை பிரித்துத் தைத்திருக்கிறார். மூன்று முறையும் ஒன்பதாவது பாரத்தைத் தலைகீழாகவே வைத்துத் தைத்திருக்கிறார். சிட்டகாங்கில் தன் அப்பா முதலில் கையில் வாங்கிப் பார்த்தது அப்படித்தான் என்பார்.

மெழுகிட்ட பருத்தி நூல் மதுரை வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் இருபது, இருபத்தைந்து வருஷம் தாங்கும் என்பது அவர் கணக்கு. அப்படியானால் 2030ஐ ஒட்டி அடுத்த தையல் விழ வேண்டும். எங்கள் வகுப்பில் அந்தத் தையலைக் கற்றவர்கள் 42 பேர். இதை எழுத உட்கார்ந்தபோது பெயர்களை எண்ணிப் பார்த்தேன். இன்று மதுரையில் இருப்பவர்கள் மூன்று பேர். நூல்கண்டும் ஒரு துண்டு தேன்மெழுகும் ஊசியும் பேரேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.