கையெழுத்து பொருந்தவில்லை

2020 நவம்பர் 4, புதன்கிழமை காலை. முந்தின நாள் முழுக்க வாக்குச்சாவடியில் நின்ற கால்வலி போகவில்லை. ஒரு கையில் காபியோடு, சும்மா பார்ப்போமே என்று ஜார்ஜியா மாநிலத்தின் ‘மை வோட்டர் பேஜ்’ தளத்தில் என் விவரத்தைத் தட்டினேன். என் தபால் ஓட்டு நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம்: கையெழுத்து பொருந்தவில்லை.

காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை வந்தவர்களின் லைசென்ஸை வாங்கி, படத்தையும் மாஸ்க்குக்கு மேலே தெரிகிற கண்ணையும் ஒப்பிட்டு, “நீங்க போகலாம்” என்று அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு என் ஓட்டே செல்லாத ஓட்டாகக் கிடந்திருக்கிறது.

2019-இல்தான் குடியுரிமை கிடைத்தது. அட்லாண்டாவுக்கு வடக்கே, ஒரு புறநகரில் இருக்கிறோம். கொரோனா பயத்தில் வழக்கமாக வாக்குச்சாவடி வேலைக்கு வரும் வயதானவர்கள் ஒதுங்கிக்கொள்ள, கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆள் தேடினார்கள், பெயர் கொடுத்தேன். என்னைப் போட்ட சாவடி வேறு இடத்தில் என்பதால் சொந்த ஓட்டுக்குத் தபாலில் சீட்டு வாங்கினேன். அதைப் பூர்த்தி செய்யவே ஒரு வாரம் ஆனது. அதிபருக்கு மூன்றே பெயர்தான். அதற்குக் கீழே ஒரே ஒரு செனட் இடத்துக்கு 20 பேர் நின்றார்கள்! ஒருவழியாக முடித்து, உறையில் போட்டு, அக்டோபர் 31 அன்று, தபால் ஓட்டை நேரில் போட வைத்திருந்த டிராப் பாக்ஸில் சேர்த்தேன்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் தொடங்கி இன்றுவரை நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறேன். லைசென்ஸ் எடுத்தபோது ஒரு சின்னக் கண்ணாடிப் பலகையில் பிளாஸ்டிக் குச்சியால் போடச் சொன்னார்கள். பிழிந்து பாதியில் கைவிட்ட முறுக்கு மாதிரி அது பதிவானது. வாக்காளர் பதிவுக்கும் அதே முறுக்குதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஓட்டு உறையில் கையெழுத்துப் போடும்போது, “இவங்களை எதுக்குக் குழப்பணும்” என்று தோன்றி, நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் முழுப் பெயரையும் எழுதித் தொலைத்தேன். உபகாரம் செய்வதாக நினைப்பு.

ஒரு ஊழியருக்குச் சந்தேகம் வந்தால் மட்டும் ஓட்டை ஒதுக்கிவிட முடியாது. மூன்று பேரில் இரண்டு பேராவது பொருந்தவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு வழக்கில் ஏற்பட்ட உடன்பாடு அது. பின்னால் டிரம்ப் அதைத் திட்டித் தீர்த்தார். என் உறையைப் பொறுத்தவரை மூன்று பேருக்கும் யோசிக்க ஒன்றும் இருந்திருக்காது. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் ஒதுக்கியிருப்பேன்.

வீட்டில் அப்போது அத்தை இருந்தார், என் மாமியார். மன்னார்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மார்ச்சில் விமானம் நின்றதும் எங்களோடு மாட்டிக்கொண்டார். எலெக்‌ஷன் டியூட்டி பார்த்தே பாதி ஆயுள் போனது என்பார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“கைநாட்டு வெச்சிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லம்மா.”

கட்டை விரலே கையெழுத்தாக இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு மை தடவி அனுப்பியவர் சொன்னால் என்ன பதில் சொல்வது? அவருக்கு இங்கத்திய தேர்தலில் எதுவுமே திருப்தி இல்லை. விரலில் மை வைக்காமல் பீச் பழப் படம் போட்ட ஸ்டிக்கரைக் கொடுத்து அனுப்புகிறார்களே, இதை எப்படி நம்புவது என்று மூன்று நாள் கேட்டார். ஆனால் டிவியை விட்டு நகரவில்லை. கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் அவர் வேலை பார்த்த பக்கம்தானே. அங்கே கோயிலில் பூஜை போட்ட படங்களை உறவுக்காரர்கள் வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நான் யாருக்குப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஒதுக்கின ஓட்டைச் சரிசெய்வதற்கு இங்கே ‘க்யூர்’ என்று பெயர், என்னவோ வியாதிக்கு வைத்தியம் மாதிரி. ஒரு பக்கப் படிவம். அந்த ஓட்டு என்னுடையதுதான் என்று உறுதிமொழி எழுதி, அடையாள அட்டையின் நகலோடு, தேர்தல் முடிந்து மூன்று நாளுக்குள் சேர்க்க வேண்டும். அதாவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. புதன்கிழமையே மின்னஞ்சலில் அனுப்பினேன், பதில் இல்லை. போன் செய்தால் எப்போதும் எங்கேஜ்டு. வியாழன் மதியம் லீவு சொல்லிவிட்டு நேரிலேயே போனேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண்மணி புதிய படிவத்தைத் தள்ளினார். “எந்த மொழியில கையெழுத்துப் போடட்டும்?” என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். அந்த முறுக்கைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல எப்படி இருக்கோ அப்படியே போடு ஹனி” என்றார். போட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அழகா இருக்கே, இது என்ன மொழி?” வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்க, தமிழ் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலையே ஒரு கல்லூரிப் பையன் கையில் பட்டியலோடு வீட்டுக் கதவைத் தட்டினான். நிராகரிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துப் படிவம் வாங்க கட்சிகள் ஆளனுப்பிக்கொண்டிருந்தன. பட்டியலில் என் பெயரும் இருந்திருக்கிறது. ஓட்டு நிராகரிக்கப்பட்டதாக எனக்கு முறைப்படி அனுப்பிய கடிதம் மட்டும் அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வந்தது, கெடு முடிந்து நாலு நாள் கழித்து. தளத்தைப் பார்க்கும் பழக்கமில்லாத, கதவைத் திறக்காத ஒருவர் என் இடத்தில் இருந்திருந்தால் அவர் ஓட்டு போனது போனதுதான்.

சாதாரண வருடமாக இருந்தால் ஒரு ஓட்டுதானே என்று விட்டிருப்பேனோ என்னவோ. இங்கே மாநிலத்தில் யார் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் ஜார்ஜியாவின் 16 எலெக்டோரல் ஓட்டும் மொத்தமாக அவருக்குத்தான். 1992-இல் கிளிண்டனுக்குப் பிறகு அதுவரை ஜனநாயகக் கட்சியின் எந்த அதிபர் வேட்பாளரும் இங்கே ஜெயித்திருக்கவில்லை. செவ்வாய் இரவு டிரம்ப் லட்சக்கணக்கில் முன்னால் இருந்தார். தபால் ஓட்டுகள் எண்ண எண்ண அது கரைந்தது. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன், கிளேட்டன் கவுண்டி ஓட்டுகள் சேர்ந்ததும் பைடன் முந்தினார், ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். அந்த நேரம் என் ஓட்டு இன்னும் ‘நிராகரிப்பு’ என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. மதியம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக மாறியது. அத்தை கேசரி கிளறினார்.

அடுத்த வாரம் மறுபடி அழைப்பு வந்தது. தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், குடியரசுக் கட்சிக்காரர், நவம்பர் 11 அன்று அதிபர் ஓட்டு முழுவதையும் கையால் எண்ணப்போவதாக அறிவித்திருந்தார். 2019-இல் வந்த சட்டப்படி ஏதாவது ஒரு போட்டியைத் தணிக்கை செய்தாக வேண்டும். வழக்கமாகக் கொஞ்சம் சீட்டுகளை மாதிரிக்கு எடுத்துப் பார்த்தால் போதும். ஆனால் வித்தியாசம் இவ்வளவு ஒல்லியாக இருந்தால் மாதிரியே பத்து லட்சத்தைத் தாண்டும். அதற்கு மொத்தத்தையும் எண்ணிவிடலாம். 159 கவுண்டி, கிட்டத்தட்ட 50 லட்சம் தாள். 13-ஆம் தேதி காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து 18-ஆம் தேதி நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டும்.

மேசைக்கு இரண்டு பேர். எனக்கு ஜோடியாக வந்தவர் எழுபதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. பையில் பின்னல் ஊசியும் நூலும். கருவூலம் மாதிரி சீல் வைத்த பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி (தமிழில்தான்), மேசையில் பிரிப்போம். அவர் ஒரு தாளை எடுத்துப் பெயரை உரக்கப் படித்து என்னிடம் நீட்டுவார். நானும் படித்து, அதே பெயர்தான் என்றால் அதற்கான அடுக்கில் வைப்பேன். டிரம்ப், பைடன், ஜோர்கென்சன், யாருக்கும் போடாதது. பெயரை எழுதிப் போட்டது, புரியாதது எல்லாம் தனியாக. அவற்றை இரு கட்சி ஆட்களும் இருக்கும் குழு தீர்மானிக்கும். மேசைமேல் சிவப்புப் பேனா மட்டும்தான். நீலமோ கறுப்போ இருந்தால் யாராவது வட்டத்தை நிரப்பிவிடலாமே.

“பைடன்.” “பைடன்.” “டிரம்ப்.” “டிரம்ப்.” அரை மணி நேரத்தில் அவை ஆள் பெயர்களாகவே கேட்கவில்லை. எங்கள் ஊரில் மரக்காலில் நெல் அளப்பவர் லாபம், ரெண்டு, மூணு என்று ராகமாக இழுப்பாரே, அந்த மாதிரி ஒரு சத்தம், கூடம் முழுக்க. தொடுதிரையில் போட்டு அச்சான தாள்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், கண் சொக்கும். தபாலில் வந்தவற்றில்தான் மனிதர்கள் தெரிந்தார்கள். மடித்த மடிப்பு, காபி வளையம், வட்டத்துக்கு வெளியே வழிந்த மை. ஒருவர் ஒரு வட்டத்தை நிரப்பி, அடித்துவிட்டு, அடுத்ததை நிரப்பி, பக்கத்தில் அம்புக்குறி வேறு போட்டிருந்தார். குழுவுக்குப் போனது. அதிபருக்கு யாருக்குமே போடாமல் மற்ற எல்லாவற்றையும் கவனமாக நிரப்பியவர்களும் இருந்தார்கள். அவர்களை உட்கார வைத்துப் பேச ஆசையாக இருந்தது.

தாள் புரட்டுவதுதான் பெரும்பாடு. எச்சில் தொட முடியாது, மாஸ்க். சானிடைசர் போட்டுப் போட்டு விரல் வறண்டுபோய்த் தாள் நழுவும். இரண்டாம் நாள் பாட்டி எங்கிருந்தோ பேங்க் கேஷியர் போடும் ரப்பர் விரலுறை இரண்டு கொண்டுவந்து எனக்கு ஒன்று கொடுத்தார். அன்று மதியம் ஒரு அடுக்கை அவர் எண்ணினால் ஒரு எண். நான் எண்ணினால் ஒன்று குறைவு. திரும்ப எண்ணினோம். மூன்றாவது தடவை, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். ‘பத்துப் பத்தாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கு’ என்று இரவில் அத்தை வகுப்பெடுத்தார். அவர் காலத்தில் கட்டுக்கு 25 சீட்டாம். பத்து என்பது என் திறமைக்குச் சலுகை.

பத்து மேசைக்கு ஒருவர் வீதம் இரு கட்சிகளும் கண்காணிப்பாளர்களை நிறுத்தலாம். தாளைத் தொடக்கூடாது. எங்கள் பக்கம் நின்றவர், வேகமாகப் போகிறார்கள், பார்க்க முடியவில்லை என்று மேற்பார்வையாளரிடம் புகார் சொன்னார். நியாயம்தான். அதன் பிறகு ஒவ்வொரு தாளையும் அவர் பக்கம் ஒரு கணம் சாய்த்துக் காட்டிவிட்டே வைத்தோம். வேலை இரட்டிப்பானது. மூன்றாம் நாள் மாலை கார் நிறுத்துமிடத்தில் அவர் போனில் யாரிடமோ, உள்ளே என்னவோ சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அத்தனை தாளையும் அவருக்குக் காட்டினோமே என்று எனக்குக் கோபம் வந்தது. பாட்டி, “வா ஹனி, குளிருது” என்று காருக்கு இழுத்துப் போனார். பாட்டி யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கடைசிவரை தெரியாது.

முதலில் சுமார் 14,000 ஆக இருந்த வித்தியாசம் கை எண்ணிக்கையில் 12,284 ஆனது. ஃப்ளாய்ட் கவுண்டியில் ஸ்கேன் செய்யாமலே விட்ட சுமார் 2,600 சீட்டு உட்பட, சில கவுண்டிகளில் விடுபட்டவை வெளியே வந்ததுதான் முக்கியக் காரணம். அரை சதவீதத்துக்குக் கீழ் என்பதால் டிரம்ப் தரப்பு கேட்டு, இயந்திரத்தில் மறுபடி எண்ணினார்கள். கடைசிக் கணக்கு: 11,779. ஆள் எண்ணினால் ஒன்றிரண்டு தப்பும், மூன்று நாள் எண்ணியவள் சொல்கிறேன். ஆனால் தாள் இருந்ததால்தான் தப்பைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

டிசம்பர் 1 அன்று மாநில அலுவலக அதிகாரி கேப்ரியல் ஸ்டெர்லிங், தேர்தல் ஊழியர்களுக்கு மிரட்டல் வருகிறது, யாராவது சாகப்போகிறார்கள் என்று மைக்குக்கு முன்னால் வெடித்தார். அன்று இரவே என் கணவர், எண்ணப் போன படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

ஜனவரியில், டிரம்ப் ராஃபென்ஸ்பெர்கரிடம் போனில் 11,780 ஓட்டு கண்டுபிடிக்க வேண்டும் என்று பேசிய ஒலிப்பதிவு வெளியானது. அத்தை அதை இரண்டு தடவை போடச் சொன்னார். “அந்த ஒண்ணு எதுக்குன்னு தெரியுதுல்ல?” என்றார். தெரியாமலா. ஒட்டிக்கொண்ட ஒரு தாளுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்தவளாயிற்றே.

2021 மார்ச்சில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். தபால் ஓட்டுக்கு இப்போது லைசென்ஸ் எண்தான், கையெழுத்தை ஒப்பிடுவதில்லை. டிராப் பாக்ஸையும் குறைத்துவிட்டார்கள். முன்னதில் எனக்கு லாபம், பின்னதில் நஷ்டம்.

அத்தை அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார். ஏப்ரல் 6, தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். எனக்கு நடுராத்திரி. வாட்ஸப்பில் ஒரு படம்: இடது ஆள்காட்டி விரல், நகத்தில் வழிந்த மை. கீழே ஒரு வரி: “பத்து நிமிஷத்துல போட்டுட்டு வந்துட்டேன். நீ அந்தக் கையெழுத்தைச் சரிபண்ணிட்டியா?”