மணிக்குப் பழ ஐஸ்: நாலாவது தடவைதான் சரியாக வந்தது

வெயில் ஏறினால் எங்கள் நாய் மணி தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பான்; குடிப்பது மட்டும் குறைவு. பழத்தை உறையவைத்துக் கொடுத்தால் அந்த வழியிலாவது கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகுமே என்றுதான் ஆரம்பித்தேன்.

முதல் தடவை வெறும் தர்பூசணி. தோல், விதை எல்லாம் நீக்கி மிக்ஸியில் அடித்து ஐஸ் ட்ரேயில் ஊற்றினேன். அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தானே, மறுநாள் ஐஸ்கட்டியாகவே இறுகிவிட்டது. மணி அதைக் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்த சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். கெட்டியான எதைக் கடித்தாலும் நாய்களுக்கு மேல்தாடையின் பெரிய பல் பிளந்துபோகலாம். அவனுக்கு ஒன்பது வயது. அந்த வலி வேண்டவே வேண்டாம். நாய்ப் பல் பார்க்கும் மருத்துவர்கள் ஒரு சோதனை சொல்வார்கள்: கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழவேண்டும். விழாவிட்டால் அது பல்லுக்கு ஆகாது. அன்றிலிருந்து நகம் பதியாத எதையும் நான் கொடுப்பதில்லை.

இரண்டாவது தடவை, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒரு பங்கு, தர்பூசணி இரண்டு பங்கு. பழத்தின் சர்க்கரை உறைநிலையைக் கீழே இறக்கும், வாழைப்பழக் கூழ் பெரிய பனிப்படிகம் சேரவிடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்தால் நகம் அழகாகப் பதிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் மணி முதல் துண்டை மெல்லாமல் அப்படியே விழுங்கிவிட்டான். தொண்டையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மீதியைக் கரைத்துத்தான் கொடுத்தேன்.

மூன்றாவதில் தயிரைத் தாராளமாகச் சேர்த்தேன். அன்று ராத்திரியே வயிறு இளகிவிட்டது. இப்போது ஒரு ஸ்பூன்தான். அதுவும் இனிப்போ வாசனையோ சேர்க்காத தயிர். சர்க்கரை இல்லாத இனிப்பு வகைகளில் வரும் சைலிட்டால் நாய்க்கு விஷம். இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், ஈரலையும் கெடுக்கும். அதனால் எந்த டப்பாவானாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் திறப்பதில்லை.

இதற்கிடையில் அக்கா ஆசையாக ஒரு கொத்து திராட்சையை நீட்டினாள். “இதையும் போடேன், அவனுக்குப் பிடிக்கும்.” வேண்டாம் அக்கா என்று அந்தப் பாத்திரத்தையே தள்ளி வைத்தேன். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எத்தனை பழம் வரை தாங்கும் என்று கணக்குச் சொல்லவும் முடியாது.

நாலாவது தடவை ஐஸ் ட்ரேயையே விட்டுவிட்டேன். அதே வாழைப்பழ, தர்பூசணிக் கலவையை மேடுபள்ளம் உள்ள சிலிகான் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, விதையும் நடுத்தண்டும் நீக்கிய ஆப்பிளைப் பொடியாக நறுக்கித் தூவினேன். எவர்சில்வர் தட்டு வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம், உறைந்த உலோகத்தில் ஈர நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தத் தட்டில் கடிக்கவும் வழியில்லை, விழுங்கவும் வழியில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் நிதானமாக நக்கினான், பள்ளங்களில் ஒட்டியதைக்கூட விடவில்லை.

தட்டுக்கு 60 கிராம் கலவை, ஏறக்குறைய 30 கலோரி. மணி 12 கிலோ. அவனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதால், பிஸ்கட்டுக்கும் இடம் விட்டு ஒரு நாளைக்கு ஒரே தட்டு.

அடுத்ததற்கு மாம்பழம் வாங்கியாயிற்று. கொட்டையும் தோலும் போக சதை மட்டும். வாழைப்பழத்தோடு சேர்ந்தால் இனிப்பு கூடிவிடும் என்பதால், தர்பூசணியை மூன்று பங்காக்கிப் பார்க்கப்போகிறேன். நகம் பதிகிறதா என்று நாளைக்குத் தெரியும்.