நின்னுக்கிட்டே ஃப்ளைட்ல போலாமா?

எங்க கிருஷ்ணகிரில கிரானைட் ஏத்துமதி பண்றவங்க சிலபேரு சீனாவுல ஷியாமென்ல நடக்கற கல்லு கண்காட்சிக்கு போவாங்க, அப்படி போன பக்கத்து வீட்டு அண்ணன் அங்க உள்ளூர் ஃப்ளைட்ல போன கதைய சொன்னதுல இருந்து எனக்கு ஸ்பிரிங் ஏர்லைன்ஸ் மேல ஒரு கிறுக்கு.

கம்மி வெலைக்கு டிக்கெட் விக்கற ஷாங்காய் விமான கம்பெனி அது. டிராவல்ஸ் நடத்திட்டு இருந்த வாங் ஜெங்ஹுவா 2005 ஜூலைல யாண்டாய்க்கு முதல் ஃப்ளைட்ட விட்டாரு, டிக்கெட் 199 யுவான். அடுத்த வருஷம் ஜினானுக்கு 1 யுவான்னு வித்ததுக்கு அந்த ஊர் அதிகாரிங்க 1,50,000 யுவான் ஃபைன் போட்டாங்க! விலை ஏத்துனா ஃபைன் போடலாம், எறக்குனதுக்குமா?

இவங்க ப்ளேன் எல்லாமே ஏர்பஸ் ஏ320 குடும்பம்தான், அதனால பைலட் டிரெய்னிங், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் ஒரே வகை, பிசினஸ் கிளாஸ் கெடையாது, மத்தவங்க 150 சொச்சம் சீட் போடற ப்ளேன்ல இவங்க 180 போட்டு அப்புறம் 186 ஆக்கிட்டாங்க, டிக்கெட்டையும் பெரும்பாலும் சொந்த வெப்சைட்லயே வித்துடறாங்க. சாப்பாடு காசுக்குத்தான். "டேய் தம்பி, ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு நடுவுல நின்னு மைக்க புடிச்சு சாமான் விக்குதுடா, நம்ம பஸ் ஸ்டாண்ட்ல வேர்க்கடலை விக்கற மாதிரி"ன்னாரு அண்ணன்.

2009ல நின்னுக்கிட்டே போற மாதிரி இடம் போடலாமான்னு கூட யோசிச்சாங்க, நடக்கல. சாயங்காலம் ராயக்கோட்டை பஸ்ல படில தொங்கறவனுக்கு அதெல்லாம் சொகுசு.

ஓசூர்ல ஏர்போர்ட் வரும்னு 2024ல சட்டசபைல அறிவிச்சாங்க இல்ல, வந்தா இப்படி ஒரு கம்பெனி மொதல்ல வரணும், பெங்களூரு ஏர்போர்ட் போற கார் வாடகையே சில நேரம் டிக்கெட்ட தாண்டிடுது.