உடையும் என்று உறுதியாகத் தெரியுமா?

"அந்தத் தெரிவைச் சேர்த்தா பட்டுவாடா நிரல் உடையும்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமாண்ணா?" என்று என்னுடன் பணிபுரியும் தம்பி கேட்டார். "தெரியாது, இருந்தாலும் வேண்டாம்" என்றேன். அந்தப் பதில் சரிதானா என்பதை இன்றுவரை என்னால் தீர்த்துக்கொள்ள முடியவில்லை.

பருவ உச்சத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலில் வண்டிகள் எப்படி நிற்கும் என்பதை இப்பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. எடைமேடைக் கணினி பழுதாகிவிட்டதால், சீட்டு போடும் நிரலைப் பட்டுவாடா கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. நிரலுக்குப் பாண்டாஸ் என்ற, பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைத் தரவைக் கையாளும் நூலகத்தின் 2-ஆம் பதிப்பு தேவை. அக்கணினியின் இயங்குதளமான டெபியன் 12 தருவதோ 1.5.3. பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவ முயன்றபோது, இந்தப் பைத்தான் இயங்குதளத்தின் பொறுப்பில் உள்ளது என்று மறுத்து, மெய்நிகர் சூழலை, அதாவது ஒரு நிரலுக்கென நூலகங்களைத் தனியே வைக்கும் இடத்தை, உருவாக்கச் சொன்ன அதே பிழைச்செய்தி, 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற தெரிவைச் சேர்த்துத் தடையை மீறலாம் என்றும் காட்டியது.

தம்பி அதைத்தான் சேர்க்கச் சொன்னார். ரூட் எனும் நிர்வாகி அனுமதியின்றி நிறுவினால் கோப்புகள் பயனரின் ஹோம் கோப்புறைக்குள்தான் போகும், டெபியனின் கோப்புகள் அப்படியே இருக்கும் என்ற அவருடைய வாதம் உண்மையே. என் அச்சம் வேறு. பயனர் கோப்புறையில் இருக்கும் பதிப்பையே பைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும் என்பதால், அதே பயனர் கணக்கில் ஓடும் பட்டுவாடா நிரலுக்கும் புதிய பாண்டாஸ்தான் கிடைக்கும்; பழைய பதிப்போடு ஓடிவந்த அது உடையக்கூடும். விவசாயிகளுக்குப் பணம் கணக்கிடும் அந்த நிரலை எழுதியவர் இப்போது எங்களோடு இல்லை; அதை வரிவரியாகப் படித்துப் பார்க்க அப்போது நேரமும் இல்லை.

மெய்நிகர் சூழலை உருவாக்குவது நொடிகளில் முடிகிற வேலைதான். ஆனால் டெபியனில் அதற்கான தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். அது அக்கணினியில் இல்லை, இணையமோ மிக மெதுவாக இருந்தது. எல்லாம் இறங்கி முடியும்வரை, விடியுமுன்னே பெங்களூரா மாங்காய் ஏற்றி வந்தவர்கள் சீட்டுக்காக வெயிலில் நின்றார்கள். உறுதியாகத் தெரியாத ஒரு சேதத்தைத் தடுக்க, கண்ணெதிரே இருந்தவர்களைக் காக்க வைத்தேன். அவசரத்தில் செய்ததைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பார்கள்; பருவம் நடக்கும்போது அந்தப் 'பிறகு' வருவதே இல்லை என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆயினும், இந்த அனுபவத்துக்கான விலையை அன்று கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.

பருவம் ஓய்ந்தபின் பட்டுவாடா நிரலைத் திறந்து படித்தேன். பாண்டாஸின் அட்டவணையான டேட்டாஃபிரேமில் வரிசைகளைச் சேர்க்கும் 'அப்பெண்ட்' கட்டளை அதில் ஓரிடத்தில் இருந்தது. பாண்டாஸ் 2.0 அதை நீக்கிவிட்டது என்பதால் அந்த இடத்தில் நிரல் நிச்சயம் நின்றிருக்கும். ஆனால் அந்த வரி மாத இறுதிக் கணக்கில் மட்டுமே ஓடுவது. தம்பி சொன்னபடி செய்திருந்தால் அன்று எதுவும் உடைந்திருக்காது, வண்டிகளும் நேரத்தோடு போயிருக்கும். இதை எனக்குச் சாதகமாக வைத்துக்கொள்வதா, அவருக்குச் சாதகமாக வைப்பதா என்று முடிவு செய்ய இயலாததால், அந்த வரியை இன்னும் அவரிடம் காட்டாமல் இருக்கிறேன்.