விளையாட்டு பீரியடும் பிரெஞ்சுப் புரட்சியும்

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு உலக வரலாறு எடுத்த சார், மன்னராட்சியை எதிர்த்த புரட்சிகளை மன்னரைப் போலவே உட்கார்ந்து நடத்துவார். கை தூக்காமல் பேசக்கூடாது. தூக்கினால் "இறக்கு" என்பார்.

பாடம் முடியவில்லை என்று புதன்கிழமை விளையாட்டு பீரியடையும் அவரே எடுத்துக்கொண்டார். முதல் வாரம் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் போனார். 1649 ஜனவரி 30, லண்டனில் கடுங்குளிர். உடம்பு நடுங்கினால் பயத்தில் நடுங்குகிறார் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களே என்று, இரண்டு சட்டை போட்டுக்கொண்டு தலையைக் கொடுக்கப் போனாராம்.

அடுத்த வாரம் பிரான்ஸ். அவ்வளவு அமளி செய்து பாஸ்டில் கோட்டைக்குள் புகுந்தால் உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். (எங்கள் வகுப்பு வாசலில் தினமும் முட்டி போட்டிருப்பவர்களே அதைவிட அதிகம்.) அன்றைக்கு, 1789 ஜூலை 14-ல், பதினாறாம் லூயி தன் டைரியில் எழுதியது ஒரே சொல்: ஒன்றுமில்லை. அது வேட்டைக் கணக்கு எழுதும் டைரி, பாவம். ஆனாலும் சாரே சிரித்துவிட்டார்.

மூன்றாம் வாரம்தான் வினை வந்தது. அதே ஆண்டு ஜூன் 20-ல், கூட்ட மண்டபம் பூட்டிக் கிடந்ததால், மக்கள் பிரதிநிதிகள் பக்கத்தில் இருந்த டென்னிஸ் ஆடும் கூடத்துக்குப் போய், அரசியலமைப்பு எழுதி முடிக்கும்வரை கலைய மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள் என்றார் சார்.

"அவங்களுக்காவது ஆடுற இடத்துக்குப் போக முடிஞ்சுதே" என்று கடைசி பெஞ்சில் ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஜூன் 20-ஐ எல்லாம் மேற்கோள் காட்டி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். யார் பெயர் முதலில் என்று பெரிய தகராறு; முதலில் இருப்பவன்தானே மாட்டுவான்! கடைசியில் முதலும் முடிவும் தெரியாதபடி எல்லோரும் வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார் என்று ஒரு கேள்வி வந்தது. எழுதியவனே கொடுக்கட்டும் என்று ஜனநாயக முறைப்படி முடிவானது. நான்கு சட்டை போட்டிருந்தாலும் அன்றைக்கு என் நடுக்கம் நின்றிருக்காது.

சார் நிதானமாகப் படித்தார். கோபமே படவில்லை. "சரி, புரட்சின்னா முழுசா பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினார். 1793-ல் புரட்சிக்காரர்கள் பழைய காலண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்களாம். அதில் வாரத்துக்குப் பத்து நாள்.

"அப்போ லீவு சார்?" கை தூக்காமலே ஒருவன் கேட்டான்.

"பத்தாவது நாள்."

"ஒன்பது நாளும் ஸ்கூலா?"

"ஒன்பது நாளும். அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?"

வகுப்பு மொத்தமும் அந்த நிமிஷமே மன்னர் கட்சிக்குத் தாவியது. முதல் ஆளாகத் தாவியவன், அந்தப் பெருமூச்சு விட்டவனேதான். அந்தக் காலண்டரை 1806 தொடக்கத்தோடு நெப்போலியன் ஒழித்துவிட்டார் என்பதை சார் மறுநாள்தான் சொன்னார். அதற்குள் நாங்கள் சரணடைந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

மனு என் கைக்கே திரும்பி வந்தது. ஒற்றுப்பிழை ஆறு, சிவப்பு மையில் வட்டம். அவசரத்தில் 1798 என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு 1789 என்று போட்டிருந்தார். கீழே, பத்துக்கு நான்கு மதிப்பெண்.

சாயங்காலம் பையை வைத்ததும் அம்மா கேட்டார்: "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லை" என்றேன்.