மறுநாள் வேலைக்குப் போன பெண்கள்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு பணியிடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்றும், அதில் நிறுவனத்தைச் சாராத ஒருவர் இடம்பெற வேண்டும் என்றும் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. அந்த வெளி உறுப்பினர் பொறுப்பில்தான் ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரையிலான காலணித் தொழிற்சாலைகள் சிலவற்றுக்கு வேலூரிலிருந்து போய்வருகிறேன். புகார்களை விசாரிப்பதோடு, தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதும் இந்தப் பணியில் அடக்கம். பகலெல்லாம் தையல் மெஷினில் குனிந்திருந்த பெண்களிடம் சட்டப் பிரிவுகளை வாசித்துக் காட்டினால் அவர்களுக்குக் கண் சொக்கத்தானே செய்யும்! ஆகவே, நிர்வாகம் ஒப்புக்கொண்ட இடங்களில் படம் காட்டத் தொடங்கினேன். ஒலியைக் குறைத்துவிட்டு உரையாடலை நானே தமிழில் சொல்வேன். உற்பத்தி நேரத்தில் முழுதாக இரண்டு மணி நேரத்தை யாரும் விட்டுத்தருவதில்லை என்பதால், ஒரே படம் இரண்டு மூன்று கூட்டங்களுக்கு நீளும்.

எந்தப் படத்தைக் காட்டுவது என்பதைவிட எதைக் காட்டக் கூடாது என்பதை முடிவு செய்வது எனக்கு எளிதாக இருந்தது. சேகர் கபூரின் 'பண்டிட் குயீன்' 1994இல் வெளிவந்தபோது, அது யாருடைய வாழ்க்கையைச் சொல்வதாகக் கூறிக்கொண்டதோ அந்தப் பூலன்தேவியே அதை நிறுத்தக் கோரி நீதிமன்றத்துக்குப் போனார். புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று எங்கள் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தச் சட்டத்தை விளக்கும் கூட்டத்தில், ஒரு பெண் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைத் திரையில் காட்ட வேண்டாம் என்று மன்றாடியும் காட்டப்பட்ட படத்தை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல படம், துணிச்சலான படம் என்று நண்பர்கள் வாதாடினார்கள். இருக்கலாம்.

விட்டோரியோ டி சிகாவின் 'டூ விமன்' (1960) படத்தைக் காட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். இரண்டாம் உலகப் போரில் ரோம் நகர்மீது நடந்த குண்டுவீச்சுக்கு அஞ்சி மகளோடு சொந்த ஊருக்குப் போகும் கடைக்காரி செசிரா, திரும்பும் வழியில் பாழடைந்த தேவாலயம் ஒன்றில் மகளோடு சேர்ந்து சிப்பாய்களின் வன்முறைக்கு ஆளாகிறாள். சோஃபியா லோரனுக்கு ஆஸ்கர் விருது பெற்றுத்தந்த வேடம் அது. உலக விமர்சகர்கள் பெரிதும் பேசியது தேவாலயக் காட்சியைப் பற்றித்தான். எங்கள் பெண்களோ அந்தக் காட்சியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எதுனா சாப்ட்டுதா மேடம்?" என்று கேட்டார் ஃபினிஷிங் பிரிவிலிருந்த ஒருவர். ராத்திரி எங்கே படுத்தார்கள், ஊருக்குப் போய் யாரிடம் சொன்னார்கள், கடையை மறுபடி திறந்தார்களா என்று கேள்விகள் தொடர்ந்தன. வன்முறை நடந்த கணத்தை அவர்கள் அறிவார்கள். அதற்கு மறுநாளை ஒரு பெண் எப்படி நடத்தினாள் என்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதன்பிறகு படங்களை நான் அளக்கும் கோல் இதுவாகிவிட்டது.

அந்தக் கோலுக்கு முழுதும் நின்ற படம், ஜஸ்மிலா ஜ்பானிச் இயக்கி 2006இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி பெற்ற 'கிர்பவிட்சா'. 1992 முதல் 1995 வரை நடந்த போஸ்னியப் போரைப் பற்றிய படம்தான். ஆனால் அதில் ஒரு துப்பாக்கிச் சண்டைகூடக் கிடையாது. சரயேவோவில் இரவு விடுதியொன்றில் பரிமாறும் எஸ்மாவின் மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போக வேண்டும். தந்தை போரில் வீரமரணம் அடைந்தவர் என்ற சான்றிதழைக் கொடுத்தால் கட்டணம் இல்லை. எஸ்மா அந்தச் சான்றிதழை வாங்கித்தராமல், இல்லாத பணத்தைத் தேடி அலைகிறாள். போர்க்காலக் கைதி முகாமில் நடந்த பாலியல் வன்முறையில் பிறந்தவள் அந்த மகள் என்பது வெகுநேரம் கழித்துத்தான் நமக்குத் தெரிகிறது. இந்தப் படத்துக்கு எங்கள் பெண்களிடம் விளக்கமே தேவைப்படவில்லை. ஆதரவற்ற விதவைச் சான்றுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றுக்கும் நடையாய் நடந்தவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். "தாலுகா ஆபீசுல அத்தினி பேர் எதிர்ல 'உன்ன விட்டுட்டுப் போயிட்டானா'ன்னு கேப்பாங்க மேடம். அதுக்கு பயந்துக்கினே பாதி பேர் போறதில்ல" என்றார் ஒருவர். படம் வந்த அதே ஆண்டில், போர்க்காலப் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் போரால் பாதிக்கப்பட்ட குடிமக்களாக ஏற்கும் சட்டத் திருத்தம் அந்நாட்டில் வந்தது என்றும், அதற்காகப் படக்குழுவினரும் குரல் கொடுத்தார்கள் என்றும் சொன்னபோது, அதற்கான உதவித்தொகை மாதாமாதம் வருமா என்பதே முதல் கேள்வியாக இருந்தது.

அரூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அம்மா அப்போதுதான் வாச்சாத்தியைப் பற்றிப் பேசினார். 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்த அந்த மலையடிவாரக் கிராமத்தில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 2011இல்தான் தருமபுரி நீதிமன்றம் தண்டனை வழங்கியது. அதை 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. இடையில் இருந்த அத்தனை ஆண்டுகளும் அவர்கள் ஆடு மேய்த்தார்கள், கூலிக்குப் போனார்கள், சாட்சி சொல்ல வந்தார்கள். போர் என்பது எங்கோ நடப்பது என்ற எண்ணம் அந்தப் பிற்பகலோடு அந்த அறையில் இல்லாமல் போயிற்று.

கேதன் மேத்தாவின் 'மிர்ச் மசாலா' (1987) இந்தப் பகுதிக்கென்றே எடுத்த படமோ என்று தோன்றும். பேர்ணாம்பட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வரும் உருது பேசும் பெண்களுக்கு இந்தி வசனம் நன்றாகப் புரிவதால், அன்று எனக்கு வேலை குறைவு. அவர்களே பக்கத்திலிருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டார்கள். வரி வசூலிக்க வரும் அதிகாரியான சுபேதாரை அறைந்துவிட்டு ஓடிவரும் சோன்பாய், மிளகாய் இடிக்கும் ஆலைக்குள் புகுகிறாள். சுபேதாரின் சிப்பாய்கள் உள்ளே வராதபடி ஆலையின் முதிய காவலர் அபு மியான் கதவைச் சாத்துகிறார். சோன்பாயாக நடித்த ஸ்மிதா பாட்டீல் படம் வெளிவந்தபோது உயிரோடு இல்லை என்பதை நினைக்காமல் என்னால் இதைப் பார்க்க முடிவதில்லை. இறுதியில் பெண்கள் மிளகாய்த் தூளை வீசுவதற்குக் கைதட்டல் எழும் என்று எதிர்பார்க்கலாம், எழுந்தது. ஆனால் நீண்ட விவாதம் நடந்தது வேறொரு இடத்தைப் பற்றி. உள்ளே இருக்கும் சக தொழிலாளிகளே, "உன் ஒருத்தியால் எங்களுக்கு ஏன் இந்தத் துன்பம், போய்விடு" என்று சோன்பாயை நெருக்கும் இடம் அது. புகார் கொடுத்த பெண்ணிடம் அதே உற்பத்தி லைனில் உள்ளவர்கள் வந்து, ஆர்டர் போய்விடும், போனஸ் போய்விடும் என்று சொல்வதை நான் விசாரணைகளில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். கோழைத்தனம் என்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மாதக் கடைசியில் சங்கத் தவணை கட்ட வேண்டியவர்களின் கணக்கு அது.

சூப்பர்வைசர்கள் சிலர், தங்களுக்கு இந்தப் படத்தைத் தனியாகக் காட்டும்படி கேட்டார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால்தான் அபு மியானைப் பற்றிய பேச்சுக்குப் பயன் உண்டு என்பது என் கருத்து. பெண்களிடம் கேட்டேன். லைனை மேய்ப்பவர் எதிரில் தாங்கள் வாயைத் திறக்க முடியாது என்று அவர்களும் தனியாகவே காட்டச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இப்போது ஆண்களுக்கான கூட்டத்தில், அபு மியான் கதவைச் சாத்தும் காட்சியோடு படத்தை நிறுத்தி, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் உங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று முதலில் எழுதித்தரச் சொல்கிறேன். பெயர் போட வேண்டியதில்லை.