பிக்கப்பில் பிரேக் பூஸ்ரரும் மாஸ்ரர் சிலிண்டரும் மாற்றிய அனுபவம்

என்னுடைய பழைய ஹைலக்ஸ் பிக்கப்பில் காலின் அழுத்தத்தைப் பெருக்கும் பிரேக் பூஸ்ரரையும், பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரையும் பெரிய அளவுக்கு மாற்றி முடிக்க ஒரு மாதம் பிடித்தது. அதற்குள் கொழும்புக்கு ஒரு பயணம் வீணானது. பளையில் வீதியோரத்தில் அரை நாள் போனது. கைபழகிய மெக்கானிக் ஒருவருக்கு இது ஒரு நாள் வேலைதான். இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படாமல் இருக்கட்டும் என்றே விவரமாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு தடவை கிளிநொச்சிக்குப் போய்வருகிறேன். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது வேறு வண்டி வாங்கும் எண்ணத்தை விட்டு, பின் வில்லுக்கு ஒரு தகடு கூட்டி, பெரிய ரயரும் போட்டேன். பிரேக் மட்டும் பழையபடியே இருந்தது. பாரம் ஏற்றினால் பெடல் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வண்டி பிடித்தது. பின் ட்ரம்களைச் சரிசெய்து, காற்று எடுத்து (குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றி) பார்த்தும் பெரிய மாற்றம் இல்லை.

என் வண்டியில் இருந்தது ஒற்றை டயபிராம் (காற்றழுத்த வித்தியாசத்தால் அசைந்து தள்ளும் சவ்வு) பூஸ்ரரும் 7/8 அங்குலச் சிலிண்டரும். 1 அங்குலச் சிலிண்டரின் முகப்பரப்பு அதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூட என்பதால், பெடலின் அதே நகர்வுக்கு அவ்வளவு கூடுதலான ஒயில் தள்ளப்படும். ஆனால் அதே அழுத்தத்தைக் கொண்டுவரக் காலும் 30 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். ஆகவே சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கூடுதல் அழுத்தத்தைக் கொடுக்க இரட்டை டயபிராம் பூஸ்ரரும் கூடவே வேண்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்குத் தொலைபேசியில் அளவைச் சொன்னேன். “அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, அப்பிடியே பூட்டலாம்” என்று சொல்லி, காசு போட்ட மறுநாளே இரவு பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். பொதியைப் பிரித்தபோது பூஸ்ரர் சரியாக இருந்தது. சிலிண்டரின் உடம்பிலோ 7/8 என்று வார்ப்பிலேயே பதிந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நானூறு கிலோமீற்றர் போய் நின்றால், முதலாளி வெளியூர் போயிருப்பதாகவும் அவர் சொல்லாமல் மாற்றித் தர இயலாதென்றும் கடைப் பையன் கையை விரித்தான். வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த கடையில் சிலிண்டரின் வாய்க்குள் வேர்னியர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, 25.4 மில்லிமீற்றர் என்று கண்ணால் கண்ட பிறகே காசு போட்டேன். முதற்கடைக்கும் இதையே சொல்லியிருந்தால் அந்தப் பயணமே தேவைப்பட்டிராது.

கழற்றும்போது ஒரு பிழை விட்டேன். பிரேக் குழாயின் நட்டைச் சாதாரண ஸ்பானரால் திருப்பியதில் அதன் மூலைகள் மழுங்கி, குழாயும் முறுகிவிட்டது. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒருவர் புதுக் குழாய் வெட்டி, இரண்டு நுனிகளையும் இரட்டை மடிப்பாக விரித்து, அரை மணித்தியாலத்தில் தந்தார். பிரேக்குக்கு ஒற்றை மடிப்பு கூடாது என்று அவராகவே சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நட்டை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் குழாய் ஸ்பானர் 10 அளவில் ஒன்று இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். சிந்திய பிரேக் ஒயிலையும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்; நான் கவனியாமல் விட்ட ஓர் இடத்தில் பெயின்ற் தோல்போல உரிந்து வந்தது.

பூட்டுவதும், மருமகன் பெடலை மிதிக்க நான்கு சில்லுகளிலும் பின்பாரத்துக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்விலும் காற்று எடுப்பதும் ஒரு பின்னேரத்தில் முடிந்தன. எஞ்சினை நிறுத்திப் பெடலைப் பல தடவை மிதித்து, கடைசியில் அழுத்தியபடியே எஞ்சினை இயக்கியபோது பெடல் சற்றே கீழே இறங்கியது. பூஸ்ரர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பெடல் மேலேயே நின்று, தொட்டவுடன் பிடித்தது. எனக்கு மிகுந்த சந்தோஷம்.

மறுநாள் குலைகளோடு மீசாலையில் ஏ9 வீதிக்கு ஏறினேன். போகப் போக வண்டி இழுவை குறைந்து, பளையை அண்டும்போது கருகல் மணம் வந்தது. இறங்கி முன் சில்லில் தண்ணீர் தெளித்தேன், சீறி ஆவியானது. நான்கு சில்லும் சேர்ந்து இறுகியிருந்ததால் பிழை மேலேதான் என்று யோசித்து, சிலிண்டரைப் பூஸ்ரரோடு பிடிக்கும் இரண்டு நட்டுகளையும் 12 ஸ்பானரால் சற்றுத் தளர்த்தினேன். சில்லுகள் உடனே விட்டுக்கொடுத்தன.

காரணம் பூஸ்ரரிலிருந்து வந்து சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கோலான புஷ் றொட். அது சற்று நீளமாக இருந்தால் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் பின்னே வராது. ஒயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டே இருக்கும். ஓட ஓட ஒயில் சூடேறி விரியும், விரிந்த ஒயிலுக்குப் போக வழி இல்லாமல் பிரேக் தானாகவே இறுகும். முதல் நாள் நான் மெச்சிய அந்த மேல்நின்ற பெடல் இதன் அறிகுறிதான். பெடலில் சிறிதளவாவது வெறும் ஆட்டம் இருக்க வேண்டும்.

குலைகளைத் தெரிந்த ஒருவரின் லொறியில் ஏற்றிவிட்டு, அங்கேயே றொட்டைச் சற்றுக் குறைத்து, வெற்று வண்டியை மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று சந்தை விலை தவறிவிட்டது.

வீட்டில் மகளின் பிளாஸ்ரிசீனில் ஒரு பயறளவு கிள்ளி, றொட்டின் நுனியில் ஒட்டி, சிலிண்டரை இறுக்கிப் பூட்டி, மறுபடி கழற்றினேன். நசுங்கியிருந்த பச்சைத் துண்டின் தடிப்புத்தான் றொட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான இடைவெளி. இடைவெளியே இல்லையென்றால் பிரேக் இறுகும், கூடினால் பெடல் வீணாக இறங்கும். நான்கு தடவை பூட்டிக் கழற்றி, அரை மில்லிமீற்றரில் நிறுத்தினேன்.

அடுத்த வாரம் அதே பாரத்தோடு பளையில் அதே இடத்தில் நிறுத்தி, முன் சில்லின் நடுவில் உள்ளங்கையை வைத்தேன். இளஞ்சூடுதான். ஆனையிறவைத் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. பெடல் பாதிக்குப் போகுமுன்பே வண்டி நின்றது, குலைகளில் ஒன்றுகூட உருளவில்லை.